பச்சை வண்டியும் வேண்டாம், வெள்ளை வண்டியும் வேண்டாம்

மரக்காணம்,
மாசி 22, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை ஜெயசீலன் அவர்களுக்கு,

மாமனார் அரசப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை பாஞ்சாலையும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத இந்த வாரம் மனசு வரவில்லை. ஓசூரில் நீங்களும் அருள்மொழியும் பேத்தியும் சௌக்கியமாக இருக்க மயிலம் முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் என் மகள் உங்களிடமிருந்து போனைப் பிடுங்கி, "அப்பா, கதையெல்லாம் வேணாம், எந்த வண்டின்னு மட்டும் சொல்லு" என்கிறாள். ஒரு வார்த்தையில் சொல்ல முடிந்தால் நான் ஏன் இப்படி ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்? பங்குனியில் பேத்திக்குக் காதுகுத்து. முதுகில் டிஸ்க் விலகி எட்டு மாதமாக உங்கள் அத்தை பஸ் ஏறவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏற்றினால் பள்ளத்துக்கு ஒரு 'அம்மா' போடுகிறாள். இராத்திரியில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. பேத்திக்குக் காது குத்தும்போது பக்கத்தில் இல்லாமல் போய்விடுவோமோ என்று அவளுக்குக் கவலை. அவளைப் பார்த்து எனக்குக் கவலை. அதற்காகத்தான் நீங்கள் இரண்டு சின்ன எலெக்ட்ரிக் கார்களைப் பார்த்து வைத்து, எதில் வசதி அதிகம் என்று ஓட்டிப் பார்க்கச் சொல்லிப் பட்டியலும் அனுப்பினீர்கள். நல்ல மனசு, குறை சொல்லவில்லை. ஆனால் பதினான்கு வசதி, இரண்டு வண்டி, டிக் அடிக்க இருபத்தெட்டுக் கட்டம். நான் எழுதிய எந்தப் பரீட்சையும் இவ்வளவு நீளமில்லை மாப்பிள்ளை.

செவ்வாய்க்கிழமை வெள்ளை வண்டி வந்தது. பாண்டிச்சேரி ஷோரூமிலிருந்து தமிழரசன் என்பவர் கொண்டுவந்தார். இந்த வெயிலில் டை கட்டியிருந்தார், பாவம். "நாலு பக்கமும் கேமரா சார், வண்டிக்கு இதான் கண்ணு" என்று அவர் உங்கள் அத்தையின் காதில் விழும்படி சொன்னதுதான் தப்பு. வாசலுக்கு வந்த புது வண்டியில் பொட்டு வைக்காமல் ஏறுகிற வழக்கம் நம் வீட்டில் ஏது? இடுப்பைப் பிடித்துக்கொண்டே போய்ச் சந்தனம் குழைத்து வந்து நாலு கண்ணுக்கும் சந்தனம், குங்குமம் அப்பிவிட்டாள். வண்டி கீய் கீய் என்று கத்த ஆரம்பித்தது. தமிழரசன் கைக்குட்டையை எடுத்தார். "பொட்ட அழிக்காதப்பா, காதுகுத்துக்குப் போற வண்டி" என்று ஒரே பிடியாகத் தடுத்துவிட்டாள். பொட்டோடு நம் உப்பளத்துக்குப் போனோம். அங்கே வண்டியைத் திருப்பும்போது, கீற்று போட்டு மூடி வைத்திருந்த உப்புக் குவியலில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டார். கேட்டால், "கேமரா இல்லாம ரிவர்ஸ் எடுத்துப் பழக்கம் இல்ல சார்" என்கிறார்.

உங்கள் பட்டியலில் ஐந்தாவது வசதி, பின்னால் நின்று காலை ஆட்டினால் டிக்கி தானாகத் திறப்பது. திறக்கிறது, சந்தேகமே வேண்டாம். உப்பளத்துக்காரன் காலை உதறாமல் வண்டி ஏறுவானா? சாவி என் சட்டைப் பையில் இருந்தது. வண்டிக்குப் பின்னால் நின்று வலது காலை உதறினேன், டிக்கி திறந்தது. பதறிப்போய் இடது காலை உதறினேன், மூடியது. உப்பு போகிறவரை நானும் உதறினேன், அதுவும் சளைக்காமல் திறந்து மூடியது. பாத்தியில் இருந்தவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். நம் அளத்தில் வேலை செய்யும் அய்யனார், "ஏம்பா, அண்ணன் இன்னா டான்ஸ் ஆடுறாரு?" என்று கேட்டது என் காதிலேயே விழுந்தது. தமிழரசன் பேச்சை மாற்ற, கூரையில் இருந்த கண்ணாடியைத் திறந்து காட்டினார். "வெயில்ல நின்னு நின்னுதான் என் முதுகே போச்சு. அதக் காசு குடுத்து உள்ள வேற வாங்கி வெக்கணுமா?" என்றாள் உங்கள் அத்தை. அந்தக் கட்டத்தில் நான் டிக் அடிக்கவில்லை.

நேற்று பச்சை வண்டி. திண்டிவனத்திலிருந்து ஜெனிதா என்ற பெண் ஓட்டிவந்தாள். முன் சீட்டில் உட்கார்ந்த உங்கள் அத்தை அரை நிமிஷத்தில் எழுந்துகொண்டாள். "ஏங்க, சீட்டு ஈரமா இருக்குது. எந்தக் குழந்தையவோ உக்கார வெச்சிருக்காங்க."

"ஈரம் இல்லம்மா, சீட்டுக்குள்ளருந்து காத்து வருது."

"உக்கார்ற எடத்துல எதுக்கும்மா காத்து?"

அந்தப் பெண் பட்டனை அழுத்திச் சீட்டைச் சாய்த்துக் கொடுத்தாள். உங்கள் அத்தை சாய்ந்துகொண்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அளத்துக்குப் போனால் காலையிலிருந்து கரண்ட் இல்லை, உப்புத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் நின்று பாத்திகள் காய்ந்துகொண்டிருந்தன. ஜெனிதா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சார், இந்த வண்டியிலருந்தே கரண்ட் எடுக்கலாம், மிக்ஸி, ஃபேன் எல்லாம் ஓடும்" என்றாள். மிக்ஸி ஓடினால் மோட்டார் ஓடாதா? அவள் அய்யனாரோடு உப்பு வாருவதைப் போட்டோ எடுக்கப் போனதும், வண்டியை மோட்டார் கொட்டகை நிழலில் நிறுத்தி ஒயரை மாட்டினேன். ஓடியது மாப்பிள்ளை! பாத்தியில் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்கு நேரம் தெரியாது. அது காலையிலிருந்து மூன்று வீட்டுக்குப் போய்வந்த வண்டியாம். மிச்சமிருந்த சார்ஜை மோட்டார் குடித்துவிட்டது. ஜெனிதா திரும்பி வந்து பார்த்துவிட்டு, "திண்டிவனம் எங்க, வழியில பிரம்மதேசமே தாண்டாது சார்" என்றாள், அழாத குறையாக.

சார்ஜ் ஏற்றவும் கரண்ட் வர வேண்டுமே. அது வந்து கொஞ்சம் சார்ஜ் ஏறும்வரை மூன்று மணி நேரம் காத்திருந்தோம். உங்கள் அத்தை வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அந்தச் சீட்டிலேயே கிடந்தாள். "பாஞ்சால" என்று இரண்டு முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. நாற்பது வருஷத்தில் இவ்வளவு கோபத்தை நான் பார்த்ததில்லை. கிட்டே போகப் பயந்து வரப்பிலேயே நின்றேன். வீட்டுக்கு வந்தும் நான் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன், இரண்டு வண்டியும் வேண்டாம். இந்த வயதில் எனக்கு இத்தனை வசதியைத் தாங்கத் தெம்பில்லை. காதுகுத்துக்கு நான் மட்டும் பஸ்ஸில் வருகிறேன், அவள் வீடியோவில் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பேத்திக்கு எங்கள் முத்தங்கள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
களைத்துப்போன மாமனார்,
அரசப்பன்.

பி.கு.: ஒட்டுவதற்குமுன் கடிதத்தை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "கோவமா? யாருக்கு?" என்றாள். "முந்தானைய இழுத்து மூஞ்சில போட்டதுதான் தெரியும். அப்படியே தூங்கிட்டேங்க. நீங்க கூப்ட்டது கூடத் தெரியல." எட்டு மாதத்துக்குப் பிறகு மூன்று மணி நேரம் தூங்கியிருக்கிறாள். அதைக் கோபம் என்று நினைத்து நான் வெயிலில் நின்றிருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது மாப்பிள்ளை. மேலே எழுதிய எதையும் மனசில் வைக்காமல் பச்சை வண்டியைக் கடிதம் கிடைத்த அன்றைக்கே புக் பண்ணுங்கள். சீட்டுக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டேன், மற்றவை காலியாகவே இருக்கட்டும். காதுகுத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றேன். "அதுவரைக்கும் வாசல்ல நிறுத்துங்க, நான் அதுலயே படுத்துக்கிறேன்" என்கிறாள்.