என் மனைவிக்குத் தெரியாமல் ஒரு டெஸ்ட்

இந்த ஒரு விஷயத்தையாவது என் மனைவிக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

சிறுநீரில் ரத்தம் போயிருந்தது. வலி இல்லை. எரிச்சல் இல்லை. சும்மா சிவப்பாகப் போனது. ஒரு நாள் விட்டு மறுபடி போனது. வலித்திருந்தால் கத்தியிருப்பேன், ஊருக்கே தெரிந்திருக்கும். வலிக்காததால் ரகசியமாயிற்று.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "பையில ஏதோ இருக்கிற மாதிரி தெரியுது" என்றார்.

நான் மடியிலிருந்த துணிப்பையைப் பார்த்தேன்.

"அந்தப் பை இல்லைங்க. சிறுநீர்ப்பை. உள்ள கேமரா விட்டுப் பாத்துடலாம்."

"கேன்சரா டாக்டர்?"

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பாக்காம சொல்லக் கூடாது."

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். எதிரே லாரி வந்தாலும் முகத்தில் காட்டக் கூடாது. காட்டினால் ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை விட்டுவிடுவார். அதே முகத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"நாளைக்கு ஒரு டெஸ்ட் இருக்கு" என்றேன். லைசென்ஸ் டெஸ்டுக்கு ஆட்களை அழைத்துப் போவது என் வேலை. சந்தேகம் வராது.

"யாருக்கு?"

"ஒரு வயசானவருக்கு."

"பாஸ் ஆயிடுவாரா?"

"தெரியல."

"பயப்படறாரா?"

"கொஞ்சம்."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "வீட்ல சொல்லிட்டாராமா?"

"சொல்லல போல."

"பாவம்" என்றாள்.

துணைக்கு ஆள் இல்லாமல் வரக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மச்சானைப் பிடித்தேன். அவளுடைய தம்பிதான். வேறு யாரும் அகப்படவில்லை.

"அக்காகிட்ட மூச்சு விட மாட்டேன் மாமா. சத்தியம்" என்றான். நான் சத்தியம் கேட்கவே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மரத்துப்போக மருந்து போட்டுவிட்டுக் குழாயை விட்டார்கள். பக்கத்துத் திரையில் என் உள்பக்கம் தெரிந்தது. வெளிர் சிவப்புச் சுவர். நூல் நூலாக ரத்தக் குழாய்கள். பிறந்ததிலிருந்து என்னோடு இருக்கும் இடம், அன்றுதான் பார்க்கிறேன். மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே குழாயைத் திருப்பிய டாக்டர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். ஒரு மூலையில், தண்ணீருக்குள் பாசி ஆடுவதுபோல, ஏதோ ஒன்று மெல்ல ஆடியது.

நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பிடித்திருந்தது நான்தான்.

அதிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் அவள் கேட்டாள். "என்னாச்சு, பாஸா?"

"ரிசல்ட் அடுத்த வாரம்."

"சரி. தண்ணி நிறைய குடிங்க."

"எதுக்கு?"

"வெயில்ல நின்னிருப்பீங்கல்ல."

அடுத்த வாரம் தனியாகவே போனேன். முடிவை நான் முதலில் கேட்க வேண்டும், பிறகு அவளுக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நர்ஸ் என்னைப் பார்த்து முழித்தார்.

"டாக்டர் ஆபரேஷன்ல இருக்காரே சார். உங்க வீட்டம்மா காலையிலயே வந்து எல்லாம் கேட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்கதான் அனுப்பினீங்கன்னு சொன்னாங்க."

"என்ன சொன்னார் டாக்டர்?"

"அதை நான் சொல்லக் கூடாது சார். அவங்களையே கேளுங்க."

எனக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ள என் மனைவியிடம் போனேன்.

அவள் சமையலறையில் இருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"உங்க துணிய நீங்களே துவைக்க ஆரம்பிச்சீங்களே, அன்னைக்கே. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு கைக்குட்டை நனைச்சதில்ல நீங்க."

"தம்பி?"

"மாமா உன்னைத்தான் கூப்பிடுவாரு, மறுக்காம போன்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"தைரியமா இருக்கிற மாதிரி இருந்தீங்க. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கேன்சர்தான்" என்றாள். "ஆனா சின்னது. மேலாகத்தான் இருக்கு, ஆழமா இறங்கின மாதிரி தெரியலைன்னாரு. குழாய உள்ள விட்டே வழிச்சு எடுத்துடலாமாம். திரும்பவும் வரக்கூடியதாம், அதனால அப்பப்ப கேமரா விட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணுமாம். நானும் வருவேன்."

தலையாட்டினேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"அழுதுடுங்க. நான் பஸ்லயே முடிச்சுட்டேன்" என்றாள்.

அழுதேன். அவள் எழுந்து வந்து என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வாசலில் பக்கத்து வீட்டம்மாவின் குரல் கேட்டது. என் மனைவி அவசரப்படவில்லை. ஒரு தட்டில் நாலு வெங்காயத்தையும் கத்தியையும் வைத்து என் முன்னால் நகர்த்தினாள்.

"நறுக்குங்க. கேட்டா வெங்காயம்னு நானே சொல்லிக்கிறேன். நீங்க வாயத் திறக்காதீங்க, உங்களுக்குப் பொய் சொல்ல வராது."