கெலாப் அண்ணேயின் இருட்டறை

வெளிச்சத்தோடு இவ்வளவு பகை வைத்திருந்த ஒரு மனிதரைப் பினாங்குத் தீவு அதற்கு முன் கண்டதில்லை, இனியும் காணாது. எங்கள் கப்பல் சரக்கு அலுவலகத்தின் ஸ்டோர் கீப்பர் அவர். யாழ்ப்பாணக் குடும்பம். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் கெலாப் அண்ணே. மலாயில் கெலாப் என்றால் இருட்டு. சட்டத்துக்குத் தெரியாமல் செய்வதற்கும் அதே சொல்தான். இரண்டுமே அவருக்குப் பொருந்தும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். இரண்டாவது வாரமே, அடித்துக்கொண்டிருந்த கடிதத்தில் பாதி என் கண்ணிலிருந்து காணாமல் போனது. மீதிப் பாதியில் ரம்பப் பல் மாதிரி ஒரு வெளிச்சம் நெளிந்தது. அதன் பின்னாலேயே வந்தது ஒற்றைத் தலைவலி.

"வந்து ரெண்டு வாரம் ஆகல, அதுக்குள்ள தலைவலியா?" என்றார் தலைமைக் கிளார்க்.

தாள் கட்டோடு வந்த கெலாப் அண்ணே என் முகத்தைப் பார்த்தார். "எழும்பு பிள்ளை. என்னோட வா."

ஸ்டோர் அறையில், கார்பன் தாள் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சாய்வு நாற்காலி, நனைத்த துண்டு, வாந்திக்கு ஒரு வாளி. விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, வெளியே காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். டைப்ரைட்டர் ரிப்பன் கேட்டுத் தலைமைக் கிளார்க் வந்தது உள்ளே எனக்குக் கேட்டது.

"ஸ்டோர் தூங்குது. பெறகு வாங்க."

"ஸ்டோர் எப்படிய்யா தூங்கும்?"

"மெதுவா பேசுங்க லா! முழிச்சிக்கும்."

அன்றிலிருந்து என் தலை அவர் பொறுப்பு. என் மேசைக்கு மேலே துடித்துக்கொண்டிருந்த டியூப் லைட்டைக் கழற்றினார். பழுது பார்ப்பவர் வந்து மாட்டினார். இவர் மறுபடி கழற்றினார். மூன்றாம் முறை குழலையே காணோம். பகல் பன்னிரண்டரைக்கு வந்து நிற்பார்: "சாப்பிட்டியா? பசி கிடந்தா உனக்குத் தலை இடிக்கும்." கணக்குப் பிரிவு அக்கா ஒருநாள் மல்லிகை சென்ட் பூசி வந்தபோது, அவரை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய் ஜன்னலோரம் விட்டுவிட்டார்.

அவருக்குத் தலைவலி வந்ததே இல்லை. கேட்டேன். "எனக்கும் வந்தா உன்னை யார் பாக்குறது?" என்றார்.

பிறகு ஒரு புது மேனேஜர் வந்தார். சீனர். என் மருத்துவ விடுப்புகளைப் புரட்டிவிட்டு, என்னை வேலையில் நிரந்தரமாக்கப் போவதில்லை என்றார். வீட்டில் மூன்று பேர் என்னை நம்பியிருந்தார்கள். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார் கெலாப் அண்ணே. கையில் பள்ளிக்கூட நோட்டு. எனக்கு வலி வந்த நாள், இருட்டில் இருந்த நேரம், திரும்பி வந்து அடித்த கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன.

மலாயில், துவான் என்று மரியாதையாக விளித்துச் சொன்னார்: "துவான், இவள் வீட்டுக்குப் போனது முக்கால்வாசி நான் லீவில் இருந்த நாள். அன்றைக்கு ஸ்டோர் பூட்டியிருக்கும். என் லீவை வெட்டுங்கள், இவளை விடுங்கள்."

"ஸ்டோரில் படுக்க அனுமதி கொடுத்தது யார்?"

"யாருமில்லை, துவான். எல்லாம் கெலாப்."

மேனேஜர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். என் வேலை தப்பியது. அந்த மூலைக்கு 'ஓய்வறை' என்று பலகை வந்தது. கூடவே, படுக்குமுன் மூன்று பிரதியில் நிரப்பித் தர வேண்டிய ஒரு பாரமும் வந்தது.

"தலை வெடிக்கிற நேரத்துல பாரமா லா?" என்று கொதித்த அண்ணே, ஒரு கட்டுப் பாரத்தைத் தானே முன்கூட்டி நிரப்பி வைத்தார். பலகையைப் பார்த்து வேறு சிலரும் வந்தார்கள். ஒருநாள் தலைமைக் கிளார்க்கே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். அண்ணே கதவைத் திறந்துவிட்டார். துண்டை நனைத்துக் கொடுத்தார்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். கேமராவில் பெரிய ஃப்ளாஷ். படத்தில் எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். மாலை போட்ட கெலாப் அண்ணே மட்டும் கேமராவைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி, உள்ளங்கையை என் கண்களுக்கு முன்னால் விரித்துப் பிடித்திருக்கிறார். என் முகமே தெரியாத அந்தப் படத்தைத்தான் நான் வீட்டில் மாட்டியிருக்கிறேன்.