மான் கேமராவுக்கு வைத்த பொட்டு

யாராவது என்னிடம் வந்து, "இதைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டால், "தெரியாது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது ஒரு பிறவிக் கோளாறு. தெரியாத ஊரில் வழி கேட்டால்கூட "ரெண்டாவது லெஃப்ட்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். (அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்களோ, பாவம்.) இந்தக் கோளாறால் ஒரு பெண்மணியை நாள் முழுக்கக் காட்டில் முழங்காலில் தவழ வைத்திருக்கிறேன்.

தொண்ணூற்றொன்பதில் டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் எனக்கு வேலை. எங்கள் லேபில் டார்லின் என்று ஒரு பெண் டெக்னீஷியன் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னைப் போன்ற எஞ்சினியர்கள் நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் சர்க்யூட் போர்டை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "இந்த இடத்தில் ஈயம் சரியாகப் பற்றவில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். சொன்னது தப்பாகி நான் பார்த்ததில்லை.

டார்லினுக்கு வேட்டை என்றால் உயிர். ஊருக்கு வடகிழக்கே ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஒரு முதியவருடைய காட்டு நிலத்தில் ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போவார். அங்கே ஒரு கிழட்டு ஆண் மான். மூன்று வருடமாக அவருக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. குளம்புத் தடத்தைப் பார்த்தே அதுதான் என்று சொல்வாராம். எந்த மரத்தில் கொம்பைத் தேய்த்தது, எந்தப் பக்கம் தண்ணீருக்குப் போனது என்று அதன் ஜாதகமே அவரிடம் இருந்தது. பெயர் வைக்கவில்லை. "அவன்" என்றுதான் சொல்வார். அந்த வருடத்தோடு நிலத்தை விற்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. அவன் கிடைத்தால் அந்த நவம்பரில் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லை.

அப்போதுதான் டிரெயில் கேமராக்கள் பரவலாக வர ஆரம்பித்திருந்தன. மரத்தில் கட்டி வைக்கும் ஒரு பெட்டி. எதிரே ஏதாவது மிருகம் வந்தால், அதன் உடம்புச் சூட்டை உணர்ந்து தானே போட்டோ எடுக்கும். உள்ளே சாதாரண முப்பத்தாறு போட்டோ ஃபிலிம் ரோல். எதை வாங்கலாம் என்று டார்லின் லேபில் பொதுவாகக் கேட்டார். நான் பதில் சொன்னேன்.

அதுவரை நான் மானைப் பார்த்தது வண்டலூரில், கம்பிக்கு அந்தப் பக்கம். ஆனாலும் மூன்று நாள் உட்கார்ந்து எக்ஸெலில் அட்டவணை போட்டேன். இரண்டு மரங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத கதிரை ஓடவிடும் வகை வேண்டாம், இலை விழுந்தாலும் படம் எடுத்துவிடும். சூட்டை உணரும் வகைதான் சரி. அதையும் வடக்குப் பார்த்துக் கட்ட வேண்டும், இல்லையென்றால் வெயில் நேராக அடித்து வெறும் காற்றைப் படம் பிடிக்கும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடமாவது இடைவெளி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே ரக்கூன் (நம்மூர் மரநாய் மாதிரி ஒரு பிராணி) முப்பத்தாறு படத்தையும் தின்றுவிடும். டார்லின் கவனமாகக் கேட்டுவிட்டு நான் சொன்னதையே வாங்கினார். டெஸ்ட் பண்ணித் தருகிறேன் என்று பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மானின் மார்பு உயரத்தில் கட்ட வேண்டும் என்று படித்திருந்தேன். என் வீட்டில் மான் இல்லை. ஆகவே அபார்ட்மென்டின் பின்பக்கப் புல்வெளியில் நானே நாலு காலில் நடந்தேன். மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை, நின்று திரும்பிப் பார்ப்பதுபோல் ஒரு தடவை. ஃபிலிமைக் கழுவி வாங்கப் போனபோது, போட்டோ கடையில் கவரைக் கொடுத்த பெண் என் முகத்தைப் பார்க்காமல் சில்லறை கொடுத்தாள்.

அந்த வாரம்தான் ஆயுத பூஜை. கார் சாவி, கம்ப்யூட்டர், ஸ்க்ரூ டிரைவர், மிக்ஸி எல்லாவற்றையும் என் மனைவி நித்யா வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். நான் கேமராப் பெட்டியைக் கொண்டுவந்து நட்டநடுவில் வைத்தேன்.

"ஏங்க, அது அவங்க பொருள். கேக்காம பொட்டு வைக்கக்கூடாது" என்றாள் நித்யா.

"மெஷின்னா பூஜை போட்டுத்தான் ஆகணும். சென்சார் பத்தி உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்றேன். (சென்சாருக்கும் பூஜைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.)

சந்தனத்தைக் குழைத்து, அதன் மேல் குங்குமத்தைத் தாராளமாக அப்பினேன். லென்சில் படாமல் எவ்வளவு ஜாக்கிரதையாக வைத்தேன் தெரியுமா? லென்சுக்கு மேலே மழை விழாமலிருக்கத் தொப்பியின் விளிம்புபோல் ஒரு தட்டு நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டியின் நெற்றியில் ஒரு பொட்டு, அந்தத் தட்டின் அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு. மறுநாள் நெற்றியில் இருந்ததைத் துடைத்துவிட்டேன். அடிப்பக்கம் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் அருளும் இருக்கட்டுமே.

சனிக்கிழமை இருவரும் போனோம். காட்டில் மனித வாடையே இருக்கக்கூடாது என்று டார்லின் உத்தரவு. வாசனையில்லாத சோப்புப் போட்டு மூன்று நாள் குளித்தேன். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டேன். அவர் சற்றுத் தள்ளி மானை வரவழைக்க மக்காச்சோளம் கொட்டிக்கொண்டிருந்தபோது பெட்டியை மரத்தில் கட்டியது நான்தான். வடக்குப் பார்த்து, மார்பு உயரத்தில், எல்லாம் புத்தகத்தில் போட்டபடி. "நல்லாக் கட்டியிருக்கே" என்றார். அன்று ராத்திரி நித்யாவிடம் இதை நாலு தடவை சொன்னேன்.

அந்த வாரம் இரண்டு நாள் விடாமல் மழை.

அடுத்த திங்கட்கிழமை டார்லின் மதியம்தான் லேபுக்கு வந்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது. கையெல்லாம் முள் கீறல். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கேமராப் பெட்டியை வைத்திருந்தார். அதன் முகம் முழுக்கச் சிவப்பாக வழிந்து காய்ந்திருந்தது.

அவர் சொன்னது இதுதான். ஞாயிறு காலை ஃபிலிம் மாற்றப் போயிருக்கிறார். பெட்டியில் ரத்தம். மரத்திலும் கோடாக ரத்தம். சீசன் தொடங்குவதற்கு முன்பே எவனோ திருட்டுத்தனமாகச் சுட்டிருக்கிறான், அடிபட்ட மிருகம் மரத்தில் உரசிக்கொண்டு போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். அடிபட்டதைத் தேடிக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போவது அவர் அகராதியில் கிடையாது. சாயங்காலம் வரை புதருக்குள் முழங்காலில் தவழ்ந்து தேடியிருக்கிறார். திரும்பும் வழியில் ஃபிலிமைக் கழுவக் கொடுத்து வாங்கினால், படத்தில் அவன். கழுத்தில் சிவப்பு. திங்கள் காலையும் போய்த் தேடிவிட்டு வந்திருக்கிறார். வேட்டைக்காவல் அதிகாரிக்குப் போன் பண்ணியாயிற்று. மறுநாள் அவர் மோப்ப நாயோடு வருகிறாராம்.

"சுடுறதுன்னா ஒரே குண்டுல முடியணும். இப்படி வலியோட ஓட விடக்கூடாது. அவன் எங்கயோ கிடக்கிறான்" என்றார்.

எனக்கு மனது கனத்துவிட்டது. எஞ்சினியர் அல்லவா, உதவலாம் என்று எல்லாப் படங்களையும் வாங்கி மேஜையில் வரிசையாக அடுக்கினேன். முதல் எட்டும் பளிச்சென்று இருந்தன. ஒன்பதாவதில் அவன், கழுத்தில் காயத்தோடு. பத்தாவதில் ஒரு ரக்கூன். அதற்கும் காயம். பன்னிரண்டாவதில் ஒரு காக்கா, அதற்கும் அதே இடத்தில் காயம். பதினைந்தில் யாருமே இல்லை, வெறும் மரம்தான். அதையும் யாரோ சுட்டிருந்தார்கள்.

டார்லின் அழுத கண்ணோடு அந்த ஒரு படத்தை மட்டுமே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். மற்றதை அவர் பார்க்கவே இல்லை.

வீரமாக உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். முதலில் என் வாயில் வந்தது, "ஃபிலிம் கழுவினதுல ஏதோ கோளாறு போல." டார்லின் சாவியை எடுத்துக்கொண்டு, நான் போன அதே போட்டோ கடைக்குக் கிளம்பிவிட்டார். அங்கே அந்தப் பெண் இருப்பாள், நான் நாலு காலில் நடந்ததைப் பார்த்த அதே பெண். ஓடிப்போய்க் கதவருகே மறித்தேன். பெட்டியைத் திருப்பி, தட்டின் அடிப்பக்கத்தைக் காட்டினேன். மழையில் கரைந்து லென்ஸ் மேல் வழிந்ததுபோக மீதிப் பொட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"இது ரத்தம் இல்லை. நான் வெச்சது" என்றேன். பிறகு ஆயுத பூஜையிலிருந்து தொடங்கி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

டார்லின் விரலால் அதைத் தொட்டு மோந்து பார்த்தார். அதற்குள் வேலை போகும், கிரீன் கார்டு போகும், இரண்டு சூட்கேஸோடு ஊருக்குப் போய் அப்பாவிடம் என்ன சொல்வது என்பது வரை நான் யோசித்து முடித்துவிட்டேன்.

"அப்போ அவன் நல்லா இருக்கான்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கான்."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, எனக்கும் அப்போது அழுகை வந்துவிட்டது. நிமிர்ந்ததும் போனை என் பக்கம் தள்ளினார். அதிகாரிக்கு நானே சொல்ல வேண்டுமாம். சொன்னேன். மறுமுனையில் அவர், இத்தனை வருட சர்வீஸில் கேமராவுக்கு ஆசீர்வாதம் பண்ணிய கேஸை இப்போதுதான் பார்க்கிறேன், நாய்க்கு நாளை லீவு கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்தார்.

சீசன் தொடங்கிய சனிக்கிழமை டார்லின் போனார். திங்களன்று நானாகக் கேட்க எனக்குத் தைரியமில்லை, அவரே என் மேஜைக்கு வந்து சொன்னார். விடிந்து கொஞ்ச நேரத்தில் அவன் வந்தானாம். நாற்பது கஜம்கூட இல்லை. பக்கவாட்டில் அசையாமல் நின்றானாம். மூன்று வருடமாகக் காத்திருந்த இடம், நேரம், வெளிச்சம், எல்லாம் கூடி வந்திருந்தது. அவர் துப்பாக்கியை இறக்கிவிட்டார்.

"ஒரு தடவை அவன் செத்துட்டான்னு தேடிட்டேன், செந்தில். இன்னொரு தடவை என்னால முடியாது" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வீட்டு ஃப்ரீசரில் மான் கறி இல்லை. நான் குற்ற உணர்ச்சியில் வாரம் ஒரு கோழிக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வருடம் வேறு நிலம் பிடித்து வேறு மான் சுட்டார், மனத்தாங்கல் இல்லாமல் எங்களுக்கும் ஒரு பங்கு கொடுத்தார். இவ்வளவு பெரிய மனசை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நித்யா மட்டும் இன்றுவரை விடவில்லை. எதையாவது "எனக்குத் தெரியும்" என்று நான் ஆரம்பித்தால், "அடிப்பக்கம் துடைச்சாச்சா?" என்பாள். என் மகள் அதையே இங்கிலீஷில் கேட்பாள்.

டார்லின் வீட்டுக் கூடத்தில் பாடம் பண்ணி மாட்டிய கொம்புள்ள மான் தலைகளின் வரிசைக்கு நடுவே, ஓர் இடத்தில் மட்டும் தலை கிடையாது. அங்கே அவன் நிற்கும் அந்த ஒன்பதாவது போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். விருந்துக்கு வரும் வேட்டைக்காரர்கள் எல்லோரும் அதன் முன்னால் வந்து நின்றுவிடுவார்கள். இப்பேர்ப்பட்ட மானை, இவ்வளவு சுத்தமாகக் கழுத்தில் சுட்டது யார் என்று கேட்பார்கள். டார்லின் வாயைத் திறக்க மாட்டார். மூலையில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் என்னைக் கைகாட்டுவார்.