டோக்கன் இல்லாமல் காற்று வாங்கக் கூடாது

கோலார் தங்கவயலில் சர்க்கரை வியாதிக்கு வைத்தியம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் டாக்டர் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. அவருக்குத் தெரிந்த சர்க்கரையெல்லாம் டீயில் போடுகிற சர்க்கரைதான், அதையும் கூட ரெண்டு ஸ்பூன் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். ஆனால் ராபர்ட்சன்பேட்டையில் இன்று வேட்டி இடுப்பில் ஒழுங்காக நிற்கிற அளவுக்குத் தொந்தி குறைந்த ஆண்கள் எத்தனை பேர் உண்டோ, அத்தனை பேரும் அவர் கையில் மாட்டியவர்கள். நானும் அதில் ஒருவன்.

ஊரில் அவருக்கு டோக்கன்காரர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வேறு ஏதாவது வைத்திருப்பார்கள், அது ரேஷன் கார்டோடு சரி. சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் டோக்கன் ஆபீசில் வேலை பார்த்தவர். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கீழே இறங்குகிற ஒவ்வொரு ஆளும் தன் நம்பர் அடித்த பித்தளை வில்லையை ஆணியிலிருந்து வாங்கிக்கொண்டுதான் சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டில், அதாவது கேஜில் ஏற வேண்டும். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். வில்லை ஆணிக்கு வந்துவிட்டால் ஆள் பத்திரம். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான். எல்லா ஆணியும் நிறைகிறவரை டோக்கன்காரர் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு நாள் ஒரு ஆணி நிறையாமலே போனதாகக் கேள்வி. அவர் அதைச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பிறகு சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். மனுஷனுக்குப் பார்ப்பதற்கு ஆணி இல்லாமல் போயிற்று.

நந்திதுர்க் சுரங்கத்துக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு பூங்கா உண்டு. தூங்குமூஞ்சி மரம், புங்கம், வேம்பு என்று நல்ல நிழல். ஆடிக்காற்று கிளம்பினால், தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் மலை போல் நிற்கிறதே, அந்தச் சயனைடு மேட்டிலிருந்து புழுதி எழுந்து ஊர்மேல் வரும். காயப்போட்ட துணியெல்லாம் மாவு மில்லுக்குப் போய்வந்த மாதிரி ஆகிவிடும். இந்த மரங்கள்தான் அதில் பாதியைத் தங்கள் இலையில் வாங்கிக்கொள்ளும். மரத்துக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிற வீடுகளில் இருமல் சத்தம் கொஞ்சம் குறைச்சல். இவ்வளவு உபயோகமான இடம் என்பதால் அதை எப்போதும் பூட்டியே வைத்திருந்தார்கள்.

எந்த ஆபீஸ் பூட்டியது என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு நானும் அங்கே ஒரு சர்டிபிகேட்டுக்குப் போய் நிற்க வேண்டியவன். திறந்துவிட்டால் ஜனங்கள் வந்து பாழாக்கிவிடுவார்கள் என்பது அவர்கள் கட்சி. ஜனங்கள் வராததால் ஆடுகள் வந்து பாழாக்கின. கடைசியில் பூட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று டோக்கன்காரரைப் போட்டார்கள். அவர் முதல் நாளே பூட்டைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, நீளமான பலகை ஒன்றைக் கேட்டுக்குப் பக்கத்தில் சாய்த்தார். அதில் வரிசையாக ஆணி. ஆணிதோறும் பெயின்ட் டப்பா மூடியை வட்டமாக வெட்டி, நம்பர் குத்திய வில்லை.

எனக்கு அப்போதுதான் சர்க்கரை வந்திருந்தது. பாதி வயசை மாரிகுப்பம் ரயிலில் உட்கார்ந்துகொண்டும், மீதியைப் பெங்களூர் ஆபீசில் உட்கார்ந்துகொண்டும் கழித்தவனுக்கு வேறென்ன வரும்? நடந்தால்தான் ஆச்சு என்றார் டாக்டர். என் மனைவி ஒரு கேன்வாஸ் ஷூவை வாங்கிக் கொடுத்துப் பூங்காவுக்குத் துரத்தினாள். கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் கையை நீட்டி மறித்தார்.

"இன்னா நம்பர்?"

"எனக்கு நம்பரெல்லாம் இல்லீங்க. சும்மா நடக்கலாம்னு வந்தேன்."

"நம்பர் இல்லாம உள்ள போயி, நீங்க பாட்டுக்கு எங்கனா விழுந்து கெடந்தா உங்கள யாரு சார் தேடுறது?"

"இத்தனூண்டு பார்க்குல விழுந்தா தெரியாதா?"

"தெரியும்னுதான் அல்லாரும் நெனச்சிகினு கீறாங்க" என்று ஒரு வில்லையை எடுத்து என் கையில் வைத்தார். அன்றிலிருந்து நான் நாற்பத்தேழு. பெற்ற தாய் வைத்த பெயர் பூங்காவுக்கு வெளியே நின்றுவிட்டது.

அவருக்கும் ஒரு டோக்கன் உண்டு. நம்பர் ஒன்று. காலையில் வந்ததும் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வாட்ச்மேனுக்கு எதற்கு டோக்கன் என்று கேட்டேன். "நாற்காலி கேட்டுக்கு உள்ளதான போட்டுக்கீறேன்? நானும் உள்ள இருக்கிற ஆளுதான்" என்றார்.

பூங்கா முழுவதும் சுரங்கச் சட்டம்தான். கேட்டை ஒட்டிய பாதை முதல் லெவல், நடுவில் இருப்பது ரெண்டாவது லெவல், மூங்கில் புதர்ப் பக்கம் பாட்டம் லெவல். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் மூன்று தட்டுத் தட்டினால் ஆள் ஏறுகிறது என்று அர்த்தம், எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தால் அது டூட்டியில் தூக்கம். ரெண்டு நாள் வராமல் இருந்தால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். தெருவே கேட்கும்படி, "நாப்பத்தேழு லீவா, ஒடம்பு சிக்கா?" என்பார். என் மனைவி உள்ளிருந்து, "லீவெல்லாம் இல்லீங்கண்ணா, இதோ அனுப்புறேன்" என்பாள். என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். கொஞ்ச நாளில் அவளே ஒரு நம்பர் வாங்கிக்கொண்டாள். பெண்கள் தனியாகப் பூங்காவில் நடப்பது எங்கள் பக்கம் அதுவரை வழக்கமில்லை. "ஒருத்தரு நம்மள எண்ணிகினு கீறாருன்னா தைரியமா நடக்கலாம்" என்றாள். அப்புறம் பெண்கள் கூட்டம்தான் அதிகம்.

சோதனை தனிக்கதை. சுரங்கத்தில் வெளியே வருகிறவனைத்தான் தடவிப் பார்ப்பார்கள், எங்கேயாவது தங்கத்தைச் செருகியிருக்கிறானா என்று. டோக்கன்காரர் அதைத் தலைகீழாக்கினார். உள்ளே போகிறவனைத் தடவினார். தேடியது போண்டா, வடை வகையறா. இதில் அடிக்கடி அகப்பட்டவர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறாரே, அவர். அவருக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றும் உண்டு. மூன்றையும் பார்த்துக்கொள்ள ஒரு மனைவியும் உண்டு. அந்தம்மா வீட்டில் எண்ணெய்ச் சட்டியையே பரண்மேல் ஏற்றிவிட்டதால், மனுஷர் நடைப்பயிற்சி என்று கிளம்பி மசால் வடையோடு வருவார்.

"இது இன்னா முதலாளி, இடுப்புல?"

"வேட்டி மடிப்புப்பா."

"மடிப்புல எண்ண வடியுதே."

பிடிபட்ட சரக்கு கம்பெனிக்குச் சொந்தம் என்று சொல்லி அங்கேயே நின்று டோக்கன்காரர் தின்பார். பாத்திரக்கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே முதல் லெவலில் இறங்குவார். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் நாலைந்து மாதத்தில் அவர் பழைய சட்டைகளெல்லாம் அவர் மேல் கொடிக்கம்பத்தில் மாட்டியது போல் தொங்கின என்பதையும் சொல்ல வேண்டும்.

பழிவாங்கவோ பசி தாங்காமலோ, ஒரு நாள் அவர் பின்பக்கம் இடிந்த சுவர் வழியாக நழுவினார். அங்கே பஜ்ஜிக்கடை. பஜ்ஜி தின்ற சந்தோஷத்தில், பங்காரப்பேட்டையில் ஒரு கிரகப்பிரவேசம் இருப்பது ஞாபகம் வந்து அப்படியே பஸ் ஏறிவிட்டார். போனை விட்டுவந்தது கடையில். டோக்கன் சட்டைப்பையில்.

டோக்கன்காரரின் நம்பர் ஒன்றை விட்டால் மற்ற எல்லா ஆணியும் நிறைந்தது. பாத்திரக்கடைக்காரர் ஆணி மட்டும் நிறையவில்லை. டோக்கன்காரர் புதர் புதராகக் கழி விட்டுப் பார்த்தார். பாட்டம் லெவலில் போய்க் குரல் கொடுத்தார். பிறகு திரும்பி வந்து தண்டவாளத்தை விடாமல் அடிக்க ஆரம்பித்தார். எங்கள் ஊரில் அப்படி விடாமல் மணி அடித்தால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்பை அணைக்காமல்கூடப் பெண்கள் ஓடிவந்து கேட்டருகே நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் சுரங்கத்துக்குப் போன ஆளே இன்று இல்லை. கால் தானாக வந்துவிட்டது.

பாத்திரக்கடை அம்மாவும் வந்தார். வியாபாரக் குடும்பம், அந்த ஓட்டம் ஓடி அவருக்குப் பழக்கமில்லை. "எங்க வீட்டுக்காரரு குண்டான் விக்கிறவராச்சே, அவருக்கு எதுக்கு மணி அடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு அழுதார். மற்ற பெண்கள் அவரை நடுவில் உட்காரவைத்துக்கொண்டார்கள். நாங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தோம். ரெண்டு பேர் சாக்கடையைக்கூடப் பார்த்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் பாத்திரக்கடைக்காரர் வாயில் வெற்றிலையும் கையில் தாம்பூலப் பையுமாக, யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

டோக்கன்காரர் நேராக அவரிடம் போனார். "டோக்கன் எங்க?"

"நான்தான் வந்துட்டேனே, உயிரோட நிக்கிறேன்."

"அது டோக்கன் வந்தப்புறம்தான் சொல்ல முடியும்."

வில்லையை வாங்கி ஆணியில் மாட்டினார். பிறகு எல்லா ஆணியையும் முதலிலிருந்து இன்னொரு முறை எண்ணினார். பாத்திரக்கடை அம்மா அன்று தன் கணவரை என்ன சொன்னார் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

விஷயம் ஆபீசுக்குப் போய்விட்டது. அவமானத்தில் புகார் எழுதிக் கொடுத்ததே பாத்திரக்கடைக்காரர்தான். மறுநாள் அங்கிருந்து ஒரு சூப்பர்வைசர் பெரிய பூட்டோடு வந்தார். சின்ன வயசு, கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார்.

"ஏனு சார் இது, பப்ளிக்குக்கு நியூசென்ஸ். டோக்கன், கீக்கன் எல்லாம் பேடா, வேணாம். பார்க்கை லாக் பண்ணச் சொல்லிட்டாங்க."

டோக்கன்காரர் பலகையைக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு ஆணி காலி. "ஆளு உள்ள கீறாங்க. ஒரு டோக்கன் வெளிய இருந்தாலும் கேட்டு மூடக் கூடாது."

"அது யார் போட்ட ரூல்?"

"மைன்ஸ் ரூல்."

சூப்பர்வைசரின் அப்பாவும் கீழே இறங்கியவர்தான். பையன் பலகையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். எல்லோரும் வெளியே வந்தபின் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் அவர் எப்போது வந்தாலும் யாராவது ஒருவர் உள்ளே நடந்துகொண்டிருப்பார். நாங்கள் முறை வைத்துக்கொண்டு நடந்தோம். பாத்திரக்கடைக்காரரும் மனைவியின் உத்தரவுப்படி மத்தியான வெயிலில் ஒரு முறை எடுத்துக்கொண்டார். அந்த வருஷம் எங்களுக்கெல்லாம் சர்க்கரை குறைந்ததற்குக் காரணம் அந்தப் பூட்டுதான் என்று டாக்டருக்கு இன்றுவரை தெரியாது.

ஊரையெல்லாம் நடக்கவைத்த மனுஷர் தான் மட்டும் நடக்க மாட்டார். கேட்டிலிருந்து முதல் லெவல் திருப்பம் வரை போவதற்குள் ரெண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். சுரங்கத்துத் தூசு உள்ளே உட்கார்ந்தால் எழுந்து போவதில்லை. போன மழைக்காலத்தில் இருமல் அதிகமாகி, பெங்களூரிலிருந்து மகள் வந்து கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் ஏழெட்டுப் பேர் வழியனுப்ப நின்றோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்துக்கொண்டு போனார்.

மறுநாளே சூப்பர்வைசர் பூட்டோடு வந்தார். முறை வைத்த ஏற்பாடு எங்களுக்கே மறந்திருந்தது. உள்ளே ஒரு ஆள் இல்லை. அவர் சங்கிலியைச் சுற்ற ஆரம்பித்ததைக் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பாத்திரக்கடைக்காரர்தான் திடீரென்று அவர் கையைப் பிடித்தார்.

"பூட்டக் கூடாது சார். ஒரு ஆளு இன்னும் மேல வரல."

பலகையைப் பார்த்தேன். எல்லா ஆணியும் நிறைந்திருந்தது, முதல் ஆணியைத் தவிர. நம்பர் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே பெங்களூர் போய்விட்டார் மனுஷர்.

சூப்பர்வைசர் அந்தக் காலி ஆணியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சங்கிலியைச் சுருட்டினார். "அவரு வந்தப்புறம் சொல்லுங்க சார்" என்று போய்விட்டார். டோக்கன்காரர் இனித் திரும்பி வருவது கஷ்டம் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இப்போது பூங்கா நாள் முழுவதும் திறந்தே கிடக்கிறது. டோக்கனை நாங்களே எடுத்து நாங்களே மாட்டுகிறோம். வடைச் சோதனையைப் பாத்திரக்கடைக்காரர் பார்த்துக்கொள்கிறார், அதில் அவரைவிடத் தேர்ந்த ஆள் கிடையாது.

அன்றைக்கே டோக்கன்காரருக்குப் போன் போட்டேன். மகள் இருக்கிற அடுக்குமாடிக் கட்டடத்தில் பெரிய தோட்டம் இருக்கிறதாம். புல்லில் கால் வைக்கக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்களாம்.

"எத்தினி பேரு நடக்கிறாங்க சார் இங்க. ஒருத்தனும் எண்ணல" என்றார்.

"நம்பர் ஒன்னு உங்ககிட்ட இருக்குதா?"

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"இருக்குது. மறந்துட்டேன் போல."

மற்றவர்கள் மறந்தால் ஊரைக் கூட்டுகிற ஆள். மறந்தாரா, மறந்த மாதிரி எடுத்துப் போனாரா என்று நான் கேட்கவில்லை.

"கேட்டு?" என்றார்.

"பூட்டல."

"பூட்ட வுடாதீங்க."

சரி என்றேன். அவர் வராமல் இருக்கிறவரை அந்தக் கேட்டுக்குப் பூட்டு கிடையாது, அது எங்களுக்கு நல்லதுதான். ஆனாலும் காலையில் என் டோக்கனை எடுக்கும்போது முதல் ஆணியைத்தான் முதலில் பார்க்கிறேன். அவர் வந்து மாட்டட்டும், பூட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.