விமானத்தில் கட்டிய வேப்பிலை

கைக்குழந்தையோடு விமானத்தில் போகிறவள், பக்கத்து இருக்கைக்காரர் தும்மினால் என்ன செய்ய வேண்டும்? முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர் மனம் புண்படும். திருப்பாமல் இருந்தால் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று நம் மனம் அடித்துக்கொள்ளும். எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. அன்றைக்குத் தெரிந்திருந்தால் ஒரு விமானம் நிறைய ஜனங்கள் நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

2009ஆம் வருடம். பன்றிக் காய்ச்சல் உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. என் கணவருக்குப் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை. (பாண்டிச்சேரியில், எங்கள் உப்பளம் பக்கம், இப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்பார்கள்.) பாப்பா பிறந்தபோது அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பத்து மாதமாக மகளை கம்ப்யூட்டர் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். எங்களுக்கு விசா கிடைத்தது, டிக்கெட்டும் போட்டாயிற்று. அப்புறம்தான் அவருக்கு உத்தரவு வந்தது: நாங்கள் பாரிஸில் இறங்கும் அதே நாள் மாலை அவர் முகாமுக்கு ரயில் ஏற வேண்டும், அங்கிருந்து ஆப்பிரிக்கா, நாலைந்து மாதத்துக்கு. நாங்கள் இறங்குவது காலையில். ஆக, மகளை அவர் கையில் வைத்திருக்கக் கிடைப்பது ஒரு பகல்தான். நானும் பாப்பாவும் அங்கேயே இருக்கும் நாத்தனார் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

அந்த ஒரு பகலை நான் காப்பாற்றியாக வேண்டும். தொலைக்காட்சியில் தினமும் விமான நிலையத்தைக் காட்டினார்கள். காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் போதும், தனியாக அழைத்துப் போய்விடுகிறார்கள். பாப்பாவுக்கு வழியில் ஒரு தும்மல் வந்தாலும் தகப்பனைப் பார்க்க விடமாட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். விமான கம்பெனிக்கு போன் போட்டு, இருக்கைகளைச் சுத்தம் செய்கிறீர்களா என்று கேட்டேன். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் செய்கிறோம் என்றார் ஒரு பெண். எதால் என்றேன். துணியால் என்றார். பக்கத்து இருக்கையைக் காலியாக விட முடியுமா என்றேன். அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்தால் விடலாம் என்றார். கணவருக்கும் போனில் கட்டளைகள் பறந்தன: மாஸ்க் போட்டுக்கொண்டு வாருங்கள், கிட்டே வராதீர்கள், முத்தம் கூடவே கூடாது. ராணுவத்தில் இருப்பவர், உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து பழக்கம். எல்லாவற்றுக்கும் "சரி" என்றார்.

ஒரு பெரிய பாட்டில் டெட்டால் வாங்கிப் பையில் வைத்தேன். அதைச் சென்னை விமான நிலையத்தில் சோதனை செய்கிறவர்கள் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். (விமானத்துக்குள் அவ்வளவு திரவம் கொண்டுபோகக் கூடாது என்று டிக்கெட்டிலேயே எழுதியிருந்ததாம். நான் டிக்கெட்டில் கிருமியைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.) கையில் மிச்சம் இருந்தது பாப்பாவின் பை. அதில், அந்த ஊரில் வேப்பமரம் எங்கே கிடைக்கும் என்று கவலைப்பட்ட அம்மா, பாப்பாவைக் குளிப்பாட்ட ஒரு கட்டு வேப்பிலையும் ஒரு பொட்டலம் மஞ்சள்தூளும் வைத்திருந்தார்.

பக்கத்து இருக்கைக்கு ஒருவர் வந்தார். நெடிய உருவம், வெள்ளை மீசை, ஓய்வு பெற்ற சொல்தா. மகனைப் பார்க்கப் போகிறாராம். உட்கார்ந்ததும் மூன்று தும்மல் போட்டார். "பர்தோன்" என்று மன்னிப்பும் கேட்டார்.

அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலில் மஞ்சளைக் கரைத்தேன். பாப்பாவின் துண்டை அதில் நனைத்து, கைப்பிடி, சாப்பாட்டுப் பலகை, ஜன்னல் என்று கைக்கு எட்டிய இடமெல்லாம் துடைத்தேன். துடைத்த கையாலேயே பாப்பாவின் முகத்தையும் தொட்டிருக்கிறேன். வேப்பிலையைத் தலைமுடி ரிப்பனில் கட்டி முன்னிருக்கையின் முதுகில் தொங்கவிட்டேன். இரண்டு கொத்தை எங்கள் தலைக்கு மேலும் செருகினேன். வேம்பும் மஞ்சளும் கிருமியைக் கொல்லும் என்று நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். அது சரியாக ஞாபகம் வந்தது. அதற்கு மேல் வேறெதுவும் ஞாபகம் வரவில்லை.

பெரியவர் என்னைப் பார்த்தார். வேப்பிலையைப் பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். பாப்பாவுக்கு முகத்திலும் கழுத்திலும் மே மாத வேர்க்குரு சிவந்து கிடந்தது, மேலே மஞ்சள் தீற்று. அவர் மெதுவாகக் காலணியைக் கழற்றினார். பாப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு எழுந்து போய்விட்டார். சற்று நேரத்தில் முன்வரிசை அம்மாளும் கன்னத்தில் போட்டுக்கொண்டு இடம் மாறினார். பின்வரிசையும் காலியானது.

இதை வாசிக்கிற உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்கள் தெருவிலும் அம்மை கண்ட வீட்டு வாசலில்தான் வேப்பிலை செருகுவார்கள். அந்த வீட்டைக் கும்பிட்டபடி எதிர்ப்பக்கமாக நடந்து போனவள்தான் நானும். ஆனால் அன்றைக்கு நான் நினைத்தது என்ன தெரியுமா? நம் ஜனங்களுக்கு இடைவெளி விட்டு உட்கார இப்போதாவது தெரிந்ததே என்று. நிம்மதியாக இருந்தது. பாப்பாவை அணைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது முகமூடியும் கையுறையும் போட்ட இரண்டு பணிப்பெண்கள் எதிரே நின்றார்கள். குழந்தைக்கு எத்தனை நாளாக இப்படி என்று பிரெஞ்சில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், இலை நல்லது, குழந்தை நல்லது, நோய் இல்லை என்றேன். நோயை மறைக்கும் தாய் அச்சு அசலாக இப்படித்தான் பேசுவாள். எங்களைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். அதற்கு முன்னால் இருந்த இரண்டு வரிசைகளையும் காலி செய்தார்கள். ஒரு கழிப்பறையை எங்களுக்கென்றே ஒதுக்கினார்கள். பாப்பாவுக்கு ஒரு மாஸ்க் கொடுத்தார்கள். அது அவள் நெற்றியிலிருந்து கழுத்துவரை மூடியது. போன் போட்டுக் கெஞ்சியும் கிடைக்காத வசதியெல்லாம் கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்தது. எனக்கோ அழுகையாக வந்தது.

பாரிஸில் விமானம் நின்றது. யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். டாக்டர் வரும்வரை காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து, தலை முதல் கால்வரை மூடிக்கொண்டு ஒரு பெண் டாக்டர் வந்தார். மொழிபெயர்க்க அந்தப் பெரியவரையே கூப்பிட்டார்கள். குழந்தைக்கு அம்மை என்று பணிப்பெண்களிடம் சொன்னவரே அவர்தான்.

டாக்டர் பஞ்சால் மஞ்சளைத் துடைத்துப் பார்த்தார். குருவை அழுத்திப் பார்த்தார். நான் பெரியவரிடம், அது வேர்க்குரு ஐயா, சத்தியமாக வேர்க்குரு என்றேன். அவருக்கு வேர்க்குருவுக்கு பிரெஞ்சு வார்த்தை தெரியவில்லை. பாண்டிச்சேரியில் மே மாதம் எப்படி இருக்கும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். டாக்டர் வேப்பிலை ஒன்றைக் கிள்ளி மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு சிரித்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

"தப்பா நெனைக்காதம்மா," என்றார் பெரியவர். "வேப்பிலையப் பாத்தா நான் வேற என்னன்னு நெனைப்பேன்? நீ சும்மாவே கட்டி வச்சிருப்பன்னு யாருக்குத் தெரியும்?"

என் பெட்டியை அவர்தான் வெளிவாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார். வழியில் இன்னும் இரண்டு தும்மல் போட்டார். எனக்குப் பயப்படக்கூட நேரமில்லை.

பகல் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே என் கணவர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, மாஸ்க், காலடியில் பயணப் பை. நான் சொன்னபடியே நாலடி தள்ளி நின்றார். கைகள் மட்டும் அரைகுறையாக முன்னால் நீண்டிருந்தன.

"தூக்கலாமா?" என்று கேட்டார்.

பெற்ற மகளைத் தூக்க ஒரு மனிதன் அனுமதி கேட்கும்படி செய்திருந்தேன். பாப்பாவை அவர் கையில் திணித்தேன். அவர் மாஸ்க்கை இறக்கினார். பாப்பா கொஞ்ச நேரம் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

நாத்தனார் வீட்டுக்குப் போக நேரமில்லை. ரயில் நிலையம் அதே கட்டடத்தில் இருந்தது. அங்கே ஒரு பெஞ்சில், ரயில் வரும்வரை, முக்கால் மணி நேரம் அவளை மடியில் வைத்திருந்தார். நான் எதையும் துடைக்கவில்லை. அவர் முத்தம் கொடுத்ததையும் எண்ணவில்லை. அவள் கை பட்ட இடத்தில் சட்டையில் மஞ்சள் கறை. அந்தச் சட்டையைத் துவைக்காமல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போனதை நாத்தனாரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

அவர் நல்லபடியாகத் திரும்பி வந்தார். பிறகு பையன் பிறந்தான். பிரசவ அறைக்குள் வந்தவர் கதவருகிலேயே நின்று, "தூக்கலாமா மதாம்?" என்று பிரெஞ்சு மரியாதையோடு அம்மணியிடம் அனுமதி கேட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தையைத் தூக்குவதற்கு முன்னும் என் முகத்தைப் பார்த்து இப்படிக் கேட்பது சம்பிரதாயமாகிவிட்டது. நாத்தனார் குடும்பம் வரிசையில் நின்றே கேட்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். அவர் கேட்கும்போது மட்டும் அந்த பெஞ்ச் ஞாபகம் வந்து, சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. தூக்குங்கள், இனி கேட்காமலே தூக்குங்கள் என்று ஒருநாள் சொல்லிவிடலாமா? சொன்னால் அவர் கேலி செய்வதையே விட்டுவிடுவாரோ என்றும் பயமாக இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.