ஐடா மேல் நான் போட்ட சூட்

சட்டம் படிப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். அதுவும் இங்கிலீஷில். அறுபது தாண்டிய ஆளுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பீர்கள். எல்லாம் எங்கள் வீட்டு முன்னறைக்காகத்தான்.

கோலார் பக்கம் ஊரிகத்தில் எங்களுடையது சின்ன வீடு. ஜன்னல், காற்று, தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் முன்னறையில்தான். பெங்களூர் கம்பெனிக்கு ரயிலில் போய் வந்துகொண்டிருந்தவரை அந்த அறையை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. விடிவதற்குள் கிளம்பி, இருட்டிய பிறகு வருகிறவனுக்கு எந்த அறையாக இருந்தால் என்ன? ரிட்டயர் ஆன பிறகுதான் தெரிந்தது. முன்னறை என் மனைவி ஐடாவின் தையல் மெஷினுக்கும், ரவிக்கைகளுக்கும், ரவிக்கைக்காரிகளுக்கும் சொந்தம். அங்கே உட்கார்ந்தால் அளவு கொடுக்க வருகிறவர்கள், "அண்ணா, கொஞ்சம் வெளியே..." என்பார்கள். சமையலறையில் உட்கார்ந்தால் ஐடா வெங்காயம் உரிக்கச் சொல்வாள். கடைசியில் பின்கட்டுப் படியில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஒதுங்கினேன். வீடு என் பெயரில். வீட்டுக்குள் எனக்குத்தான் இடம் இல்லை.

பக்கத்து வீட்டு விநாயக் கோலாரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவனிடம் புலம்பினேன்.

"போனைத் தொறங்கண்ணே," என்றான். "லா காலேஜ் முழுசா அதுக்குள்ளதான் கீது. வீடியோ, ஆடியோ, எல்லாம் ஃப்ரீ. இங்கிலீஷ்ல நாலு பாயின்ட் எடுத்து வுட்டீங்கன்னா அண்ணி ஆடிப் பூடுவாங்க."

அன்றைக்கே ஆரம்பித்தேன். லண்டன்காரர் ஒருவர் சொத்துச் சட்டம் பற்றிப் பேசினார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. பாதி வேகத்தில் வைத்தேன். இப்போது வெற்றிலையோடு சாராயமும் சேர்ந்துகொண்டது. இயர்போன் காதில் நிற்கவில்லை. ஸ்பீக்கரிலேயே அலறவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"இன்னாங்க," முன்னறையிலிருந்து ஐடாவின் குரல் வந்தது. "அந்த ஆளு நேத்து சொன்னதையேதான் இன்னிக்கும் சொல்றாரு?"

"இது ரிவிஷன். உனக்குப் புரியாது."

ஒரு வாரத்தில் எனக்கே ஒரு கம்பீரம் வந்துவிட்டது. எட்வர்ட்ஸ் என்று யாரோ ஒரு பாவப்பட்ட மனுஷன். அவருடைய இடத்தை இன்னொருத்தன் பிடித்துக்கொண்டான். லண்டன்காரர் நொடிக்கொரு தரம் 'எட்வர்ட்ஸ் பொசஷன், எட்வர்ட்ஸ் பொசஷன்' என்று உருகினார். நானும் உருகினேன். அவர் கதை அப்படியே என் கதை.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

"ஐடா! உன் மேல சூட் போடப் போறேன்."

"அளவு குடுங்க. தச்சித் தரேன்."

"அந்த சூட் இல்ல. கேஸ்! இந்த ரூமுக்கு ஸ்டே வாங்குவேன்."

"எங்க ஸ்டே பண்ணப் போறீங்க? பேத்தமங்களாவுல உங்க தங்கச்சி வீட்லயா?"

"நான் வெளாடல. அப்பீல் வரைக்கும் போவேன்."

"ஆப்பிள் வாங்கப் போறீங்கன்னா அப்படியே கொத்தமல்லி ஒரு கட்டு."

கொத்தமல்லி வாங்கி வந்தேன். ஆனால் கொள்கையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் விநாயக்கை அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அவன்தான் நீதிபதி. அவன் சொல்வதற்கு இருவரும் கட்டுப்படுவது என்று பேச்சு. ரவிக்கை வாங்க வந்த லூயிசா தானாகவே பொதுமக்கள் ஆனாள். ஐடா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மை லார்ட்," என்றேன். "வீடு என் பேர்ல கீது. எட்வர்ட்ஸ் பொசஷன் பிரகாரம்..."

"யாரு பிரகாரம்?" என்றான் விநாயக்.

"எட்வர்ட்ஸ்! லண்டன்ல ஒருத்தரு. அவரு எடத்தப் புடுங்கிகினாங்க, பாவம்."

ஐடா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுப்பொட்டலத்தில் குத்தினாள்.

"அது எட்வர்ட்ஸ் இல்லீங்க. அட்வர்ஸ் பொசஷன். அடுத்தவங்க எடத்த, ஊருக்கே தெரியறாப்ல, அவங்களக் கேக்காம ஆண்டுகினே வரணும். சொந்தக்காரரு பன்னெண்டு வருஷம் வாயே தொறக்கலன்னா எடம் ஆண்டவங்களுக்கே பூடும். நம்ம தேசத்துல அதான் கணக்காம்."

"உனக்கு... எப்படித் தெரியும்?" என்றேன்.

"வாரம் பூரா நீங்கதான அலற வுட்டீங்க? பாதி வேகத்துல வெச்சீங்களா, ஒவ்வொரு வார்த்தையும் நல்லா நிறுத்தி வந்துது. நம்ம தேசத்துச் சட்டம் எப்படின்னு அப்பால நானே வேற வீடியோ போட்டுக் கேட்டுகினேன். கை தச்சிகினே இருக்கும், காது சும்மாதான கீது?" நீதிபதி பக்கம் திரும்பினாள். "இந்த மெஷினு இதே எடத்துல எத்தினி வருஷமா ஓடுதுன்னு லூயிசாவக் கேளு விநாயக்."

"என் கல்யாண பிளவுஸே இங்கதான் தச்சாங்க," என்றாள் லூயிசா. "இப்ப என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்துகீறேன்."

விநாயக் தலையை ஆட்டினான். என் முன்னறை கைநழுவிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மூளையில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். லண்டன்காரர் சொன்னதில் எனக்குச் சரியாகப் புரிந்த ஒரே இடம்! சொந்தக்காரர் அனுமதி கொடுத்திருந்தால் பிடித்தவனுக்கு உரிமை கிடையாது.

"அப்ஜெக்‌ஷன்!" என்று கத்தினேன். "மெஷின் போட நான்தான் பர்மிஷன் குடுத்தேன்!"

முதலில் சிரித்தது லூயிசா. அப்புறம் மை லார்ட். சிரித்துச் சிரித்து மை லார்டுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணே... நீங்க... அண்ணிக்கு... பர்மிஷன்? ஊரிகத்துல ஒரே ஒரு ஆளு வந்து இத நம்பறேன்னு சொல்லட்டும். ரூம உங்களுக்கே எழுதறேன்."

யோசித்தேன். நண்பர்கள், சொந்தக்காரர்கள், பாஸ்டர் வரைக்கும் எல்லா முகத்தையும் நினைத்துப் பார்த்தேன். எல்லா முகமும் சிரித்தது.

ஐடா சிரிக்கவில்லை. அலமாரி மேலிருந்த பைபிளை எடுத்து என் முன்னால் நீட்டினாள். "இது மேல கைய வெச்சி சொல்லுங்க. ஒரு நாளாவது நான் உங்களக் கேட்டேனா?"

சர்ச்சிலிருந்து வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பொய் வரவில்லை.

"கேக்கல," என்றேன்.

"ஆயித்து," என்று எழுந்தான் விநாயக். "கோர்ட்டுல இந்தத் தீர்ப்பு நிக்குதோ இல்லியோ, இந்த வீட்ல நிக்கும். அண்ணி, ஒரு காபி."

நான் பின்கட்டுக்குப் போய் டிரம் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் முதுகில் காய்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஐடா வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போனாள். துணிக்கூடைகளைத் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"வாங்க இப்படி."

போனேன். ஜன்னலோரம் ஒரு நாற்காலி. காற்று, தெரு, ஆட்கள், எல்லாம் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிமே இங்க குந்திகினு உங்க வீடியோவக் கேளுங்க," என்றாள். "ஒண்ணே ஒண்ணு. தினமும் காலையில என்னைக் கேட்டுட்டுத்தான் குந்தணும்."

"அது ஏன்?"

"கேக்காம குந்தினீங்கன்னா, பன்னெண்டு வருஷத்துல நாற்காலி உங்களுதாப் பூடும். எனக்கும் சட்டம் தெரியுங்க."

இன்று காலையும் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.