இசபெல் விரட்டச் சொன்ன வெள்ளை

லிங்கி ஆற்றோரத் தோட்டம்,
மூன்றாம் டிவிஷன்,
18-5-1952, ஞாயிறு

பாரோயில் வசிக்கும் மதிப்பிற்குரிய மச்சான் எட்மண்ட் அவர்களுக்கு, தங்கள் தங்கை இசபெலின் கணவன் தங்கராஜு எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நானும் அவளும் நான்கு கோழிகளும் முள்வேலிக்கு உள்ளே சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் வேலி இல்லாமலே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். "உங்கள் தங்கையை ஆறு மாதத்துக்காவது பாரோய்க்கு அழைத்துப் போங்கள், இல்லாவிட்டால் நான் காட்டுக்குள் ஓடிவிடுவேன்" என்று போன மாதம் ஒரு கடிதம் எழுதினேனே, அதைத் தயவுசெய்து அடுப்பில் போடுங்கள். இந்த அவசரகாலத்தில், காட்டில் ஒளிந்திருக்கும் சிவப்புக் கட்சிக்காரர்களுக்குப் போய்விடும் என்று கையளவு அரிசியைக்கூட கேட்டுக்கு வெளியே கொண்டுபோக விடாத காலத்தில், காட்டுக்குள் ஓடுவேன் என்று புத்தியுள்ளவன் எழுதுவானா? அதை எழுதிய நாளில் எனக்குப் புத்தி இல்லை, சாயங்காலம் ஆனால் அது என்னோடு இருப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

ரோடு சரியில்லை என்று போதகர் போர்ட்டிக்சனிலிருந்து வருவது நின்றதும், ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசித்து இரண்டு வார்த்தை பேசும்படி இசபெலுக்கு எழுதி அனுப்பினார் அல்லவா? அவள் இரண்டு வார்த்தையோடு நிறுத்துவாள் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். ஆனால் அவள் ஆதியாகமத்தில் தொடங்கி ஒவ்வொரு குடிகாரனாக வெளியே இழுத்துப்போட ஆரம்பித்துவிட்டாள். அத்தனை வெள்ளத்துக்குத் தப்பிய நோவா, கரையேறியதும் குடித்துவிட்டுத் துணியில்லாமல் கிடந்தாரே, அதைச் சொன்னபோது சபையில் இருந்த பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வேட்டி என்றைக்கும் இடுப்பில்தான் இருந்திருக்கிறது, மச்சான். ராஜா அனுப்பிய ரசமே வேண்டாம், பருப்பும் தண்ணீரும் போதும் என்ற தானியேலைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவள் குரல் இளகிவிட்டது. அப்படியொரு மாப்பிள்ளை அவளுக்கு வாய்த்திருக்கலாம் என்று எனக்கே தோன்றியது.

நானும் சும்மா விடவில்லை. கானாவூர் கலியாணத்தில் ஆண்டவரே தண்ணீரை ரசமாக்கினாரே என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் சன்னாசி குறுக்கே வந்தான். அவன் சபைக்காரன் இல்லை, கள்ளுக்கடைக்குப் போகும் வழியில் நிழலுக்கு உட்கார்ந்தவன். "கல்யாணத்துல ரசம் தீர்ந்துபோச்சுன்னா மோர ஊத்திச் சமாளிக்க வேண்டியதுதானே? இதுக்குப் போயி சாமியத் தொந்தரவு பண்ணுவாங்களா?" என்றான். திராட்சரசம் என்றால் மிளகு ரசம் இல்லை என்று அவனுக்கு விளக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. அடுத்து நான் தீமோத்தேயுவைப் பிடித்தேன். வயிற்றுக்காகக் கொஞ்சம் சேர்த்துக்கொள் என்று பவுலே அவனுக்கு எழுதியிருக்கிறாரே என்றேன். "அவரு வயித்துக்காகக் கொஞ்சம்னாரு. நீங்க குடிச்சா எரியிறது என் வயிறுங்க" என்றாள். பெண்கள் பக்கத்தில் கைதட்டல். உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால், மதுபானம் சிவந்து பாத்திரத்தில் பளபளக்கும்போது அதைப் பார்க்காதே, மெதுவாக இறங்கிக் கடைசியில் பாம்பாய்க் கடிக்கும் என்று வருகிற இடத்தை வாசித்தாள். சன்னாசி எழுந்து கைகட்டி நின்றான். "தங்கச்சி, நியாயமாப் பேசணும். புஸ்தகத்துல செவப்புன்னுதானே போட்டிருக்கு? நாங்க குடிக்கிறது வெள்ளைலா!" என்றான். எங்கள் லயத்து வீடுகளில் கள்ளை யாரும் கள் என்று சொல்வதில்லை, மச்சான், வெள்ளை என்போம். 'வெள்ளை வந்துட்டானா', 'வெள்ளையப் பார்த்துட்டு வரேன்' என்று ஆளைச் சொல்வது மாதிரியே சொல்வோம். வீட்டுப் பெண்களுக்குத் தெரியக்கூடாது என்று யாரோ வைத்த பெயர், இப்போது பெண்களுக்கெல்லாம் தெரியும், டவுன்காரர்களுக்குத்தான் தெரியாது. இசபெல் புத்தகத்தை மூடினாள். "செவப்ப நம்ம லயத்துல யாரு கண்டா? நம்மக் குடியக் கெடுக்கிறது வெள்ளைதான். வெள்ளைய வெளிய வெரட்டினாத்தான் நம்ம புள்ளைங்க உருப்படும்" என்றாள்.

மறுநாள் காலை ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன மயிலம்மாளும் இருபது பெண்களும் கேட்டில் சோதனைக்கு வரிசையில் நிற்கும்போது, "வெள்ளையே வெளிய போ! வெள்ளையே வெளிய போ!" என்று பாடிக்கொண்டே நின்றார்கள். எதிரே வெள்ளைக்காரத் துரையின் ஜீப். பக்கத்தில் போலீசுக்குப் புதிதாக வந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர். டவுனில் பிறந்து டவுனில் படித்து, பேச்சுக்கே இலக்கணம் பார்க்கிறவர், கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். பாவம், அவர் நோட்டில் என்ன எழுதுவார்? சிவப்பைப் பார்க்காதே என்றது நல்ல வார்த்தை, அரசாங்கத்துக்கு ஏற்ற வார்த்தை. வெள்ளை அதைவிட மோசம், விரட்டுங்கள் என்றது ராஜத்துரோகம்.

செவ்வாய்க்கிழமை அவர் சாதாரண உடையில் கள்ளுக்கடை வாசலுக்கு வந்து, "வெள்ளையை வெளியேற்றுமாறு இவ்விடத்தில் போதிப்பவர் யார்?" என்று கேட்டார். இரண்டு போத்தல் உள்ளே போயிருந்த தைரியத்தில் நான் வாயைத் திறந்தேன். "வேற யாரு, என் வீட்டுக்காரிதான்! அவ சொன்னா இந்த லயமே கேக்கும்!" என்றேன். பெயரைக் கேட்டார், எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அந்தப் பாழும் வெள்ளைதான் என் வாயைப் பிடித்து ஆட்டியது, மச்சான், வேறென்ன சொல்ல?

புதன்கிழமை காலைப் பெரட்டில், மண்டோராக நான் வேலையாட்களின் பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே லாரி வந்து, இசபெலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பத்து மணிக்குள் சரியான பதில் வராவிட்டால் டவுனுக்குக் கொண்டுபோய் அடைப்பார்கள், அப்புறம் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி காதோடு சொன்னார். பாரோயில் பிறந்தவளை எந்த ஊருக்கு அனுப்புவார்கள்? ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி, எங்கள் துரை, அந்த மொழிபெயர்ப்பாளர்.

"அம்மையே, வெள்ளை என்று நீர் குறிப்பிட்டது யாரை?"

"எங்க வீட்டுக்குள்ள வந்து குடியக் கெடுக்கிறவனச் சொன்னேங்க."

"அவன் அடிக்கடி வருவதுண்டோ?"

"சாயங்காலம் ஆனா வந்துடுவான்."

"அவனை வீட்டுக்குள் அழைத்து வருவது யார்?"

இதற்கு அவள் பதில் சொல்லவில்லை. குடிக்கிற மண்டோரை வேலையை விட்டு இறக்குவேன் என்று துரை சொல்லியிருந்தார். விசாரணையே என் குடியைப் பற்றித்தான் என்று அவள் நினைத்துவிட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது, அதனால் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவள் யாரையோ வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று அதிகாரி மேசையைத் தட்டினார். அவள் அசையவில்லை. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மச்சான். ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அவளைச் சரியாகப் பார்த்தேன்.

ஓடினேன். அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கிய கள்ளில் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு, கேட்டில் நின்ற காவலாளி கத்தக் கத்த ஓடிவந்து, துரை மேசைமேல் வைத்தேன். "ஐயா, இதுதான் வெள்ளை. கூட்டிக்கிட்டு வர்றவன் நான்தான்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "குற்றவாளி தன் கூட்டாளியைப் போத்தலில் கொண்டுவந்திருப்பதாகக் கூறுகிறான்" என்கிற மாதிரி ஏதோ இங்கிலீஷில் சொன்னார். மனைவியைக் காப்பாற்றப் புருஷன் கட்டிய கதை இது என்றார் அதிகாரி. விஷயம் தெரியாத ஒருவனைக் கூப்பிடுங்கள் என்றார். கூப்பிடப்பட்டவன் சன்னாசி. உள்ளே வந்தவன், துரையைப் பார்க்கவில்லை, துப்பாக்கியைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தான். "ஐயையோ, வெள்ளையையும் புடிச்சிட்டாங்களா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

துரைக்கு நம் பாஷை கொஞ்சம் தெரியும். அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு அதிகாரியும் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுருக்கினார். அப்படியென்றால் வெள்ளைக்காரர்கள் மேல் உனக்குக் குறை ஒன்றுமில்லையே என்று இசபெலைக் கேட்கச் சொன்னார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். உங்கள் தங்கை அப்படிப்பட்டவளா? "வேதத்துல நெறம் பார்த்து யாரையும் விடலைங்க. செவப்பு, வெள்ளை, துரை பங்களாவுல இருக்கிற மஞ்சத் தண்ணி, எல்லாம் ஒண்ணுதான். துரையும் விட்டா நல்லதுங்க" என்றாள். மொழிபெயர்ப்பாளருக்கு வேர்த்துவிட்டது. "அம்மையார் நன்றி கூறுகிறார்" என்று முடித்தார். ஆனால் துரைக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன், அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

குடித்த வாயால்தான் அவள் பெயரைச் சொன்னேன் என்று அங்கேயே எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். குடிகாரன் பேச்சு என்று அதிகாரி விட்டுவிட்டார். துரை விடவில்லை, மூன்று மாதம் மண்டோர் வேலை இல்லை, பால் வெட்டு என்றார். இப்போது மயிலம்மாள் கூட்டத்தோடு நானும் வாளி தூக்குகிறேன். அவர்கள் பாடுகிற பாட்டை எழுத மாட்டேன். பதினொரு நாளாகக் கள்ளுக்கடைப் பக்கமே போகவில்லை. சன்னாசிகூட ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போகிறான். அவளுக்கு இத்தனை பலம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான், இப்போது நானே அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேதம் வாசிக்கிறேன். என் பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது, மச்சான், அவ்வளவு பெருமையாக இருக்கிறது. வெள்ளை செய்த துரோகத்தை எண்ணிச் சிறியவனை மன்னிக்கவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், ஆண்டவர் உங்கள் வாசலைக் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கராஜு

பி.கு.: தபாலில் போடுவதற்கு முன் கடிதத்தை இசபெலிடம் வாசித்துக் காட்டினேன். ஜீப், கேட்டு, சன்னாசி எல்லாவற்றுக்கும் சிரித்தாள். செவ்வாய்க்கிழமை வந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "அன்னிக்குப் பொழுதுக்கும் மழைங்க. மரம் ஏறல, கடையில ஒரு சொட்டு இல்ல. நீங்க குடிக்கவே இல்ல. அந்த வெள்ளை மேல நூறு பாவம் இருக்கு, இது இல்ல. அது மேலகூடப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுங்க" என்றாள். ஆபீசில் நான் குடித்தேன் என்று அழுதபோதும் அவளுக்கு இது தெரிந்திருக்கிறது, மச்சான், தெரிந்தும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். பெண்டாட்டி பேச்சுக்குப் பயந்தவன் என்று கடைவாசலில் எல்லோரும் கேலி செய்தார்கள், அந்த ஆத்திரத்தில், நல்ல நிதானத்தில், அவள் பெயரைச் சொன்னேன். இதை எழுதாமல் உறையை ஒட்டக் கூடாது என்று பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதிவிட்டேன்.